கட்டாக்காலிக் குதிரை

மனிதரிடம் வளர்ந்த குதிரைகளின் வழித்தோன்றல்களாய், உடையவர் இன்றித் தாமே மேய்ந்து இனம் பெருக்குபவை கட்டாக்காலிக் குதிரைகள் ஆகும். இவற்றைப் பொதுவாகக் காட்டுக்குதிரை என்பர். ஆனால் காட்டுக்குதிரை என்பது மனிதர் ஒருபோதும் பழக்காத இனத்துக்கே பொருந்தும்.

சொற்பொருள்

'கட்டா' என்றால் கட்டப்படாத என்று பொருள். 'காலி' என்பது ஆநிரையைக் குறிக்கும் பழஞ்சொல். எனவே கட்டுத்தறியில் கட்டாமல் திரியும் மாடு கட்டாக்காலி எனப்பட்டது. இலங்கைத் தமிழில் இச்சொல் இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது.

அமெரிக்காவின் 'முஸ்டாங்' என்ற பெயரும் இத்தகையதே. இடைக்கால ஸ்பெயினில் கால்நடை உடையோரின் சங்கம் 'மெஸ்தா' எனப்பட்டது. உடையவர் அறியப்படாத கால்நடையை 'மெஸ்தெங்கோ' என்றனர். அச்சொல் மெக்சிகோ வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து முஸ்டாங் ஆயிற்று. கொலம்பசின் இரண்டாம் பயணத்தில், 1493-இல், ஸ்பானியர் கொண்டு சென்ற குதிரைகளும் அவற்றுக்குப் பின் வந்தவையுமே அங்குள்ள மந்தைகளுக்கு மூலம். ஒரு சொல் கயிறு இல்லாமையையும் மற்றொன்று உரிமையாளர் இல்லாமையையும் சொல்கிறது. இரண்டும் முதலில் கால்நடைக்கு வழங்கியவை. இரண்டிலும் 'காடு' இல்லை.

தமிழர் நிலத்தில்

தமிழகத்துக்குக் குதிரை கடல்வழி வந்ததைப் பட்டினப்பாலை குறிக்கிறது. பாண்டிய நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து அரபுக் குதிரைகளை வாங்கியதை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியுள்ளார்.

யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் திரிகின்றன. நாகப்பட்டினம் மாவட்டக் கோடியக்கரையிலும் இத்தகையவை உண்டு. உருவில் சிறியவை ஆதலால் இவை மட்டக்குதிரை என்றும் அழைக்கப்படுகின்றன. அப்பெயர் உயரத்தைச் சொல்கிறதே தவிர வரலாற்றைச் சொல்லவில்லை.

பெயரும் பாதுகாப்பும்

எப்பெயரால் அழைக்கிறோம் என்பது இவ்விலங்குகளின் வாழ்வையே பாதிக்கும். அமெரிக்கா 1971-இல் இயற்றிய சட்டம், பொதுநிலத்தில் திரியும், சூட்டுக்குறி இடப்படாத, எவரும் உரிமை கோராத குதிரைகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. 'மெஸ்தெங்கோ' என்ற பழைய கருத்தே அங்கே சட்டமாயிற்று.

கோடியக்கரை நிலை வேறு. அங்கு 1967-இல் அமைந்த சரணாலயத்தின் சிறப்பு வெளிமான்கள். அவற்றுக்குரிய புல்லையே குதிரைகளும் மேய்கின்றன. காட்டு விலங்கு என்றால் காக்க வேண்டும். வளர்ப்பு விலங்கு என்றால் அகற்ற வேண்டும். நெடுந்தீவிலோ கோடையில் குடிநீரே அரிது. உடையவர் இல்லாத குதிரைக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது யார் கடமை என்ற கேள்வி எழுகிறது. கட்டாக்காலி என்ற சொல் இதற்கு விடை தராது. ஆயினும், இவை தாமாகக் காட்டில் தோன்றியவை அல்ல, மனிதர் கொண்டுவந்து கைவிட்டவை என்பதை அது மறக்க விடுவதில்லை.