கோடுகளில் மதுரை

ஒத்தக்கடை வழியாகப் பயணம் செய்வோருக்கு யானைமலை பழகிப்போன காட்சி. சென்ற மாதம் அதே மலையைக் கைப்பேசித் திரையில் கருமைக் கோடுகளாகக் கண்டபோது, புதிதாகப் பார்ப்பவனைப் போல் மலைத்துப்போனேன். வரைந்தவர் மனோகர் தேவதாஸ். 1936-இல் நம் மதுரையில் பிறந்தவர். 2022-இல் அவர் மறைந்த பின்னரே அவரைத் தேடி அறிந்தேன் என்பதில் எனக்கு வெட்கமுண்டு.

வேதியியல் கற்றுச் சென்னையில் பணியாற்றிய அவர், பேனாவும் மையுங்கொண்டு தம் ஊரையே மீண்டும் மீண்டும் வரைந்தார். விழித்திரையைச் சிதைக்கும் பரம்பரை நோயொன்று அவர் பார்வையைப் படிப்படியாகப் பறித்தது. அந்நோயில் முதலில் இரவுப் பார்வை மங்கும். பின்பு ஓரங்கள் இருண்டு, குழாய் வழியே நோக்குவதுபோல் நடுவில் ஒரு சிறு வட்டமே எஞ்சும். அத்தகைய கண்ணுக்கு மீனாட்சியம்மன் கோயிற் கோபுரம் ஒரே நோக்கில் அகப்படாது. ஆயினும் அவருடைய படங்களில் சுதைச் சிற்பங்கள்கூடத் தப்பவில்லை! நல்ல கண்ணுடைய நாமோ அண்ணாந்து பார்ப்பதேயில்லை.

1972-இல் நேர்ந்த சாலை விபத்தில் துணைவியார் மஹிமாவுக்குத் தோள்களுக்குக் கீழே உடல் செயலிழந்தது. அந்நிலையிலும் அவர் படங்களுக்கு விளக்கம் எழுதினார். வாழ்த்து அட்டைகளாக விற்ற பணம் அறப்பணிகளுக்குச் சென்றது. மஹிமா 2008-இல் காலமானார். 2020-இல் மனோகருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மறுவாரம் ஒத்தக்கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். மலை அங்கேயே படுத்திருந்தது.