பார்க்கிங் வேணுமா? நோபல் பரிசு வாங்கிட்டு வாங்க!

காலேஜுக்கு வண்டியில் வருகிறவர்களுக்கு இந்த வலி தெரியும். ஒன்பது மணிக்கு முதல் பீரியட். எட்டே முக்காலுக்கே கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாலும், ஸ்டாண்டில் முன்சக்கரத்தை நுழைக்க ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டு மாடியேறி ஓடினால் அட்டெண்டன்ஸ் முடிந்திருக்கும். மரத்தடியில் நாலு கார் நிற்கும் அளவுக்கு நல்ல நிழலான இடம் காலியாகவே கிடக்கும். அங்கே நாம் நிறுத்தக் கூடாது!

அந்தக் கடுப்பில்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடினால் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் போய் நின்றது. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

பெர்க்லி வளாகத்துக்குக் கிழக்கே குன்று, மற்ற பக்கங்களில் ஊர். பரந்து விரிய இடம் கிடையாது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மாணவர்களும் பெருகினார்கள், கார்களும் பெருகின. அப்போது அங்கே கிளார்க் கெர் என்று ஒருவர் இருந்தார். நம்ம சப்ஜெக்ட்காரர்தான், தொழிலாளர் பொருளாதாரம் படித்தவர். 1952இல் அந்த வளாகத்தின் முதல் சான்சலர், 1958இலிருந்து கலிபோர்னியா பல்கலைக்கழகம் மொத்தத்துக்கும் தலைவர். 1963இல் ஹார்வர்டில் சொற்பொழிவு ஆற்றப் போனவர், பேராசிரியர்கள் ஆளாளுக்குத் தனிக் கடை நடத்துகிறார்கள், அவர்களை ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது பார்க்கிங் பற்றிய புலம்பல்தான் என்கிற மாதிரி ஒரு கிண்டல் அடித்தார். அமெரிக்கக் கல்லூரிகளில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பேராசிரியர்களின் புலம்பல் அவர் காதில் விழுந்திருக்கிறது. மாணவர்களின் புலம்பல்? அது அடுத்த வருஷமே கேட்டது, வேறு விதமாக.

1964 அக்டோபர் 1. வளாகத்துக்குள் அரசியல் பிரச்சாரம் செய்யத் தடை இருந்த நேரம். ஜாக் வைன்பெர்க் என்ற முன்னாள் மாணவர் மேஜை போட்டு உட்கார்ந்து சிவில் உரிமை இயக்கத்துக்கு ஆதரவு திரட்டினார். போலீஸ் அவரைப் பிடித்து காரில் ஏற்றியது. அவ்வளவுதான், மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கார் நகரவில்லை, சுமார் 32 மணி நேரம்! வைன்பெர்க் உள்ளேயே இருந்தார். மாரியோ சாவியோ உள்பட பலர், கார் நசுங்கக் கூடாதென்று செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் கூரைமேல் ஏறிப் பேசினார்கள். (பெர்க்லி வரலாற்றில் மிகப் பிரபலமான பார்க்கிங் இதுதான் என்பேன் :-)) பேச்சுரிமை இயக்கம் பிறந்தது இப்படித்தான்.

சிரிப்பு நின்ற இடம் இனிமேல்தான் வருகிறது.

1967இல் வளாகத்துக்குத் தெற்கே, டெலிகிராஃப் அவென்யூ பக்கத்தில் வீடுகள் இருந்த சுமார் 2.8 ஏக்கரை பல்கலைக்கழகம் சட்டத்தைக் காட்டி கையகப்படுத்தியது. மாணவர் விடுதி, மைதானம், பார்க்கிங் என்று பெரிய திட்டம். வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். பிறகு பணம் இல்லையென்று திட்டம் அப்படியே கிடந்தது. குடியிருந்தவர்கள் போனார்கள், மிஞ்சியது சேறும் இடிபாடும், ஆளாளுக்குக் கொண்டுவந்து நிறுத்திய கார்களும்.

1969 ஏப்ரலில் மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அங்கே புல் பதித்தார்கள், மரம் நட்டார்கள், 'மக்கள் பூங்கா' என்று பெயர் வைத்தார்கள். மே 15 விடியற்காலையில் போலீஸ் வந்து சுற்றிலும் வேலி போட்டது. மதியம் கலவரம். ஷெரிஃபின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டதில், ஒரு கூரைமேல் நின்றிருந்த ஜேம்ஸ் ரெக்டர் என்ற 25 வயது இளைஞருக்குக் குண்டு பாய்ந்தது. நாலு நாள் கழித்து இறந்துபோனார். இன்னொருவருக்குக் கண் பார்வை போனது. ஆளுநர் ரீகன் (ஆமாம், பிறகு ஜனாதிபதி ஆனவரேதான்) தேசியக் காவல்படையை அனுப்பினார். வளாகத்தின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகை தூவினார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த இடத்தில் என்ன வந்தது தெரியுமா? ஒரு விளையாட்டு மைதானமும் கார் பார்க்கிங்கும்! எனக்கு இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. மாணவர்கள் அந்த மைதானத்தில் கால் வைக்காமல் புறக்கணித்தார்கள். 1972இல் வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். பார்க்கிங் மட்டும் இலவசமாகத் தொடர்ந்தது. 1979இல் பல்கலைக்கழகம் அதைத் தன் ஆட்களுக்கான கட்டண இடமாக மாற்றப் பார்த்தது. மறுபடி கூட்டம் கூடியது. தார்த் தளத்தைக் கையாலேயே பெயர்த்து எடுத்து, அங்கே தோட்டம் போட்டார்கள்.

அடுத்த வருஷம் அதே பெர்க்லியில் இன்னொரு கூத்து. 1980இல் அங்கே பணிபுரிந்த போலந்துக் கவிஞர் செஸ்வாஃப் மிலோஷுக்கு இலக்கிய நோபல் கிடைத்தது. அவரிலிருந்துதான் நோபல் வாங்கிய பேராசிரியர்களுக்குத் தனி பார்க்கிங் கொடுக்கும் வழக்கம் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். 'என்.எல்.' என்று போர்டு வைத்த இடங்கள், நோபல் லாரியேட் என்பதன் சுருக்கம். 2001இல் பொருளாதார நோபல் வாங்கிய பெர்க்லி பேராசிரியர் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை எதைப் பற்றி? பழைய கார் சந்தை! பழைய காரைப் பற்றி எழுதினால் பார்க்கிங் கிடைக்கிறது பாருங்கள் :-)

காமர்ஸ் மாணவனாக எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒரு பொருளுக்குச் சரியான விலை வைக்காவிட்டால் அதை இரண்டே வழியில்தான் பங்கிட முடியும்: வரிசை அல்லது அந்தஸ்து. காலேஜ்களில் ஆசிரியருக்கு அந்தஸ்து, நமக்கு வரிசை. விலை வைத்தால் சரியாகிவிடுமா என்றால், 1979இல் விலை வைக்கப் போய்த்தான் தாரைப் பெயர்த்தார்கள். அது யாருடைய நிலம் என்ற கேள்விக்கு அவர்களுக்கு பதில் கிடைக்கவில்லை, அதற்குள் கட்டணம் எவ்வளவு என்றால் கோபம் வரத்தானே செய்யும்.

மாணவர்கள் தங்களுக்கென்று கண்டுபிடித்த வழி வேறு. 1999இல் பெர்க்லி மாணவர்கள் ஓட்டுப் போட்டு, எல்லோர் கட்டணத்திலும் ஒரு சிறு தொகை சேர்த்து, ஊர் பஸ்ஸில் மாணவர் அட்டையோடு தனி டிக்கெட் இல்லாமல் போகும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். வண்டியே இல்லாதவனுக்கும் இதில் பலன் உண்டு. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மிகவும் பிடித்தது இதுதான்.

மக்கள் பூங்கா? 2024 ஜனவரியில் கப்பல் கண்டெய்னர்களை அடுக்கி நிலத்தைச் சுற்றி மதிலே எழுப்பிவிட்டார்கள். ஜூன் மாதம் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. சுமார் 1,100 மாணவர்களுக்கு விடுதி. 1967இல் நிலத்தைக் கையகப்படுத்தும்போது சொன்ன அதே விடுதி.