கையில் தங்கிய பாட்டு: எம்பி3 கருவியின் வரலாறு

பாட்டைத் தன்னோடு எடுத்துச் செல்லும் வழக்கத்தை 1979ஆம் ஆண்டு சோனி நிறுவனம் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த வாக்மேன் உலகெங்கும் பரப்பியது என்றாலும், அக்கருவியில் பாட்டு நாடாவிலேயே குடியிருந்தது. நாடா தேய்ந்தால் பாட்டும் தேய்ந்தது. பின்னர் வந்த கையடக்கக் குறுவட்டுக் கருவியிலும் பாட்டுக்கு ஒரு வட்டு தேவைப்பட்டது. எம்பி3 பிளேயர் என்று மக்கள் வழங்கிய எண்மிய இசைக்கருவிதான் பாட்டை அதைத் தாங்கிய பொருளிலிருந்து பிரித்து, எண்களாலான ஒரு கோப்பாகக் கேட்பவரின் கையில் முதலில் கொடுத்தது. ஆகவே அதன் வரலாற்றை எழுதப் புகுவோர், விலை கொடுத்து வாங்கிய பாட்டின்மீது கேட்பவருக்கு உள்ள உரிமை எதுவரை செல்லும் என்ற கேள்வியையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

கருவிக்கு முன்பே கோப்பு பிறந்தது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், தொலைபேசிக் கம்பி வழியாக இசையை அனுப்ப முடியுமா என்ற கேள்வியைப் பேராசிரியர் டீட்டர் சைட்சர் எழுப்ப, அவருடைய மாணவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் 1980களில் அதைத் தம் முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டார். குறுவட்டில் ஒலி, நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 இலக்க இரும எண்ணாக, இரண்டு தடங்களில் பதிவாகிறது; இதன்படி நான்கு நிமிடப் பாட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 42 மெகாபைட் இடம் வேண்டும். அக்காலக் கம்பிகளும் நினைவகங்களும் இந்தச் சுமையைத் தாங்கக்கூடியவை அல்ல.

விடை காதின் இயல்பிலேயே கிடைத்தது. நாகசுரம் ஓங்கி ஒலிக்கும் கணத்தில் பக்கத்தில் இருப்பவரின் முணுமுணுப்பு காதில் விழாமல் போவதுபோல, உரத்த ஓர் ஒலி தன்னையொட்டிய அதிர்வெண்களில் உள்ள மெல்லிய ஒலிகளை மூடிவிடுகிறது. ஒலியியலார் இதை மறைப்பு விளைவு என்பர். காது எப்படியும் கேட்கப்போகாத பகுதிகளைக் கணக்கிட்டு நீக்கிவிட்டால், 42 மெகாபைட் பாட்டு நான்கு மெகாபைட்டுக்கும் குறைவாகச் சுருங்கும். எதை நீக்கலாம் என்று முடிவு செய்ய நீண்ட காலம் செவிச்சோதனைகள் நடந்தன. அமெரிக்கப் பாடகி சூசான் வேகா பக்கவாத்தியம் ஏதுமின்றித் தனிக்குரலில் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாட்டு, தொடக்கத்தில் இம்முறையில் சுருக்கியபோது மிக மோசமாகச் சிதைந்து ஒலித்தமையால், அதுவே உரைகல்லாக அமைந்தது. மறைத்துக்கொள்ள வேறு ஒலி இல்லாத தனிக்குரலில் சிறு பிழையும் தெரிந்துவிடும் என்பது கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குப் புதிய செய்தி அன்று. 1995ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று பிராண்டன்பர்க்கின் ஆய்வுக்குழுவினர் தங்களுக்குள் வாக்கெடுத்து, இவ்வகைக் கோப்புகளுக்கு எம்பி3 என்ற பெயர்ப்பின்னொட்டைத் தேர்ந்தனர்.

இக்கோப்பை இசைக்கும் கையடக்கக் கருவியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது தென்கொரியா. சேஹான் நிறுவனத்தின் எம்பிமேன் 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டயமண்ட் மல்டிமீடியா நிறுவனம் ரியோ பிஎம்பி300 என்ற கருவியை 200 டாலர் அளவிலான விலைக்கு விற்கத் தொடங்கியது. ரியோ, சட்டைப்பையில் அடங்கும் சிறு பெட்டி. ஒற்றைப் பென்சில் பேட்டரியில் இயங்கும். சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் ஓடினாலும் குதித்தாலும் பாட்டு தடுமாறாது. உள்ளே இருந்த நினைவகம் 32 மெகாபைட். வழக்கமான தரத்தில் அரைமணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட இசை, அதாவது ஒரு தமிழ்த் திரைப்படத்தின் பாடல்கள் மட்டும் அதில் அடங்கும். வேறு பாட்டு கேட்க விரும்பினால், அச்சுப்பொறியை இணைக்கும் துளையில் கம்பியைச் செருகி, கணினியின் முன் அமர்ந்து, பழையதை அழித்துப் புதியதை ஏற்ற வேண்டும். எதைக் கொண்டுபோவது, எதை விட்டுப்போவது என்று நாள்தோறும் தேர்ந்தெடுக்கும் இந்த வேலையிலிருந்தே கருவியை வைத்திருப்போரின் தனிப்பழக்கம் உருவாயிற்று.

இச்சிறு பெட்டிக்கு எதிராகவே அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1998 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. இல்லங்களில் எண்மிய முறையில் ஒலிப்பதிவு செய்யும் கருவிகளைப் பற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய கருவி ஒவ்வொன்றும் நகலிலிருந்து நகல் எடுப்பதைத் தடுக்கும் அமைப்பைக் கொண்டிருக்க வேண்டும் என்றும், அதைத் தயாரிப்பவர் உரிமைத்தொகை செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. ரியோ இரண்டையும் செய்யவில்லை என்பது சங்கத்தின் வாதம். கீழ் நீதிமன்றம் விற்பனைக்குத் தடை விதிக்க மறுத்தது. 1999 ஜூன் 15 அன்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை உறுதிசெய்தபோது, ரியோ கணினியின் வன்தட்டிலிருந்தே படியெடுக்கிறது, வன்தட்டோ பல்வகைத் தரவுகளைக் கொண்ட பொதுச்சாதனமேயன்றி இசைப்பதிவு அன்று, எனவே ரியோ சட்டம் குறிக்கும் வகைக் கருவி ஆகாது என்று கூறியது. அத்தோடு நில்லாமல், தன்னிடம் ஏற்கெனவே உள்ள பாட்டை வேறோர் இடத்தில் கேட்பதற்காகக் கருவிக்கு மாற்றிக்கொள்வது தனிப்பட்ட பயன்பாடே என்றும் நீதிமன்றம் எழுதியது. எம்பி3 கருவித் தொழிலின் பிற்கால வளர்ச்சிக்கு எந்தப் பொறியாளரின் கண்டுபிடிப்பைக் காட்டிலும் இந்தத் தீர்ப்பே வலுவான அடித்தளம் என்று கொள்வது மிகையாகாது.

வழக்கு நீங்கியபின் வளர்ச்சி விரைந்தது. காம்பாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான கருவி 1999இலும், சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனத்தின் நோமேட் ஜூக்பாக்ஸ் 2000இலும் வன்தட்டைப் பயன்படுத்தி ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைத் தாங்கின. ஆனால் அவை சட்டைப்பையில் வைக்க இயலாத பருமன் கொண்டவை. தோஷிபா நிறுவனம் உருவாக்கிய 1.8 அங்குல வன்தட்டைக் கொண்டு ஆப்பிள் நிறுவனம் 2001 அக்டோபர் 23 அன்று அறிமுகப்படுத்திய ஐபாடு இக்குறையைத் தீர்த்தது. 5 கிகாபைட் கொள்ளளவு, 399 டாலர் விலை, விரலால் சுழற்றிப் பட்டியலில் விரைந்து செல்ல உதவும் சக்கரம் ஆகியவை பலரும் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாத நுட்பம் வேறொன்று. வன்தட்டு இடைவிடாது சுழன்றால் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதால், ஐபாடு அடுத்து வரவிருக்கும் பாடல்களை ஒரே மூச்சில் மின்னணு நினைவகத்தில் முன்கூட்டியே நிரப்பிக்கொண்டு வன்தட்டை உறங்கவைத்தது. அந்த இடைநினைவகத்தின் அளவு 32 மெகாபைட். மூன்றாண்டுகளுக்கு முன் ரியோவின் முழுக் கொள்ளளவாக இருந்த அதே அளவு.

பாட்டைத் திருடாதீர்கள் என்று கருவியின் உறையில் அச்சிட்ட ஆப்பிள், 2003 ஏப்ரலில் பாட்டு ஒன்று 99 சென்ட் விலையில் இணையக் கடையைத் திறந்தது. ஆயினும் அங்கு வாங்கிய கோப்புக்கு எண்மியப் பூட்டு இருந்தது. அனுமதிக்கப்பட்ட சில கணினிகளுக்கும் ஐபாடுகளுக்கும் அப்பால் அது ஒலிக்காது. அப்பூட்டு நீங்க 2009ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொந்தக் கோப்பு முறையையே வற்புறுத்திவந்த சோனி, 2004இன் இறுதிவரை தன் கருவிகளில் எம்பி3ஐ நேரடியாக ஏற்காமல், தானே தொடங்கிவைத்த சந்தையைப் பிறரிடம் இழந்தது.

தமிழ்நாட்டில் பாட்டைக் கோப்பாக எடுத்துச் செல்லும் வழக்கம் வேறு வழியில் வேரூன்றியது. ஐபாடு பெரும்பாலோருக்கு எட்டாக்கனியாக இருந்த ஆண்டுகளில், நூற்றைம்பது பாடல்கள் அடங்கிய எம்பி3 சிடிகளும், பின்னர் மெமரி கார்டு பொருந்திய செல்போன்களுமே அதன் இடத்தை நிரப்பின. செல்போன் கடைகளில் சில ரூபாய்க்குக் கார்டில் பாட்டு ஏற்றித் தரும் தொழில் நடந்தது. இசையமைப்பாளர் பெயரால், நடிகர் பெயரால், சோகப்பாட்டு, குத்துப்பாட்டு என்ற வகையால் கடைக்காரர் கணினியில் பிரித்து வைத்திருந்த அடுக்குகளிலிருந்து வாடிக்கையாளர் தேர்ந்துகொண்டார். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் இதில் ஒரு காசும் சேரவில்லை என்பது மறுக்க முடியாத அநீதி. ஆயினும் எந்தப் பாட்டு எந்தப் படத்தில் வந்தது என்பதை நினைவில் வைத்து வகைப்படுத்திய அந்தக் கடைக்காரர்கள் ஒரு தலைமுறையின் இசை நூலகர்களாகப் பணியாற்றினர் என்பதையும் வரலாறு பதிவுசெய்தாக வேண்டும். சரிகம நிறுவனம் 2017இல் 5000 பாடல்களை உள்ளே பதித்து விற்ற கார்வான் பெட்டி, முதியோரிடையே பெற்ற வரவேற்பும், பாட்டு தன் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற அதே விருப்பத்துக்குச் சான்று.

இணையத்திலிருந்து அவ்வப்போது ஓடிவரும் இசைக்கு மாதச் சந்தா கட்டும் முறை பரவியபின் கருவி தனக்கென்று ஓர் இடத்தை இழந்தது. சந்தாதாரரிடம் பாட்டு தங்குவதில்லை. நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் நேற்றிருந்த பாட்டு இன்று பட்டியலில் இராது. வசதி பெருகிய அளவுக்கு உரிமை குறைந்தது என்பதே நேர்மையான மதிப்பீடாகும். ஐபாடு வரிசையின் கடைசிக் கருவிக்கு ஆப்பிள் 2022 மே 10 அன்று விடை கொடுத்தது. எம்பி3 முறைக்கான காப்புரிமை வழங்கும் திட்டம் அதற்கு முன்பே, 2017 ஏப்ரலில், முடிவுக்கு வந்துவிட்டது. எனவே 1998ஆம் ஆண்டு ஒருவர் தம் குறுவட்டிலிருந்து படியெடுத்து வைத்த கோப்பு, அழியாமல் காக்கப்பட்டிருந்தால், இன்றைய செல்போனிலும் கணினியிலும் எவருடைய அனுமதியும் சந்தாவும் இன்றி அப்படியே ஒலிக்கிறது.