கான் ஓரத்து மூஞ்சூறு

ஒரு தேயிலைப் பைக்குள் இருக்கும் தூள் சுமார் 2 கிராம். எட்ருஸ்கன் மூஞ்சூறு என்ற உயிரின் மொத்த எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். எலும்பு, ரோமம், பற்கள், குட்டிக்குக் கொடுக்கும் பால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. உடல் நீளம் நான்கு சென்றிமீற்றர் அளவு. இதயமோ நிமிடத்துக்கு 1500 தடவைக்கு மேல் துடிக்கக்கூடியது. இத்தனை சிறிய உடம்பில் சூடு நிற்காது. அதனால் தன் எடையைவிடக் கூடுதலாக நாள்தோறும் தின்றாக வேண்டும். சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. 1822இல் இத்தாலியரான பவோலோ சாவி இதை விவரித்துப் பெயரிட்டார். மத்தியதரைக் கடலோரத்திலிருந்து தெற்காசியா வரை பரந்து வாழும் இதுதான், எடைக் கணக்கில் உலகின் மிகச்சிறிய பாலூட்டி. நீளக் கணக்கில் அந்த இடம் தாய்லாந்தின் சுண்ணாம்புக் குகைகளில் தொங்கும் ஒரு வௌவாலுக்கு. அது விவரிக்கப்பட்டது 1974இல்தான்.

மூஞ்சூறு என்ற இந்தச் சிறிய சாதியின் வரலாற்றில் இலங்கையின் சப்ரகமுவத் தோட்டங்களுக்கும் பங்குண்டு.

கேகாலை மாவட்டத்தில், களனி கங்கை பாறைகளுக்கு இடையே இறங்கி ஓடும் கித்துல்கலையில், கோனகம என்றொரு தோட்டம். இலங்கைக்கு மட்டுமே உரிய ஒரு காட்டு மூஞ்சூறுக்கு 1928இல் அறிவியல் பெயர் கிடைத்தபோது, மூல மாதிரி கிடைத்த இடமாகப் பதிவானது இந்தத் தோட்டம்தான். இன்றும் எந்த நாட்டு விலங்கியல் பட்டியலைப் புரட்டினாலும் அந்த இனத்துக்கு நேரே கித்துல்கலையின் பெயர் நிற்கிறது.

பெயரிட்டவர் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்ற தோட்டத்துரை. கொழுந்து நிறையும் இறப்பர்ப் பால் கணக்கும் பார்த்த காலத்தில், பிறர் ஏறெடுத்தும் பார்க்காத சிற்றுயிர்களை அவர் தேடினார். மறு ஆண்டே கண்டிப் பக்கத்து நீளவால் மூஞ்சூறு ஒன்றை விவரித்தார். 1932இல், ஓஹியவின் மேற்கு ஹப்புத்தளைத் தோட்டத்திலிருந்து, எட்ருஸ்கன் மூஞ்சூறுக்கு நெருங்கிய உறவான ஒரு குள்ள இனம். அதை வெகுகாலம் எட்ருஸ்கனின் ஒரு வகை என்றே பலர் எண்ணினார்கள். இலங்கைப் பாலூட்டிகளைப் பற்றி அவர் எழுதிய கைநூல் 1935இல் வெளிவந்தது; இன்றும் ஆய்வாளர்கள் தேடிப் படிக்கும் நூல் அது.

இந்த வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! பிடிபட்ட உயிர் விரலைவிடச் சிறிது. அதன் உடல், வால், பின்பாதம், காது என ஒவ்வொன்றையும் மில்லிமீற்றரில் அளக்க வேண்டும். தோலை உரித்துப் பஞ்சு அடைக்க வேண்டும். கடலைப் பருப்பைவிடச் சற்றே பெரிய மண்டையோட்டை உடையாமல் சுத்தம் செய்ய வேண்டும். ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அதிலுள்ள பற்களின் அமைப்புத்தான்.

லயத்து மக்களுக்கு மூஞ்சூறு புதியதல்ல. இருட்டியதும் கான் ஓரமாகக் கீச்சிட்டுக்கொண்டு, சுவரை ஒட்டியே ஓடும் வீட்டு மூஞ்சூறைத் தெரியாதவர் யார்? குட்டிகளோடு கிளம்பினால் தாயின் வாலடியை ஒரு குட்டி கவ்வ, அதை இன்னொன்று கவ்வ, ஒரே கயிறுபோல வரிசையாக நகரும். விலாவில் சுரக்கும் நாற்றத்தால், பூனை கொன்றாலும் பெரும்பாலும் தின்னாமல் வாசலில் போட்டுவிட்டுப் போகும். பிள்ளையாரின் வாகனம் என்று கும்பிடுகிறவர்களும் எலி என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். அது எலியே அல்ல. எலிக்கு உள்ள கொறிக்கும் பல் இதற்குக் கிடையாது. கரப்பான், வண்டு, மண்புழு ஆகியவையே இதன் முக்கிய இரை. வீட்டுக்கு நன்மை செய்யும் உயிர் தப்பான பெயரால் சாவது வருத்தத்துக்குரியது.

பிலிப்ஸின் குள்ள இனத்துக்கு 75 ஆண்டுகள் கழித்து மீண்டும் சப்ரகமுவவின் முறை வந்தது. சிங்கராஜ வனத்தின் கிழக்கு ஓரத்தில், ரக்வானைப் பக்கத்து மோர்னிங்சைட் காட்டில் கிடைத்த மூஞ்சூறு புதிய இனம் என்று 2007இல் அறிவிக்கப்பட்டது. சுயாம மீகஸ்கும்புரவும் அவருடன் ரொஹான் பெத்தியாகொட உள்ளிட்டோரும் எழுதிய கட்டுரை அது. இம்முறை பல்லும் மண்டையோடும் மட்டுமல்ல, மரபணுவும் சாட்சி சொன்னது. பிலிப்ஸ் 1929இல் விவரித்த நீளவால் மூஞ்சூறுதான் இதன் மிக நெருங்கிய சொந்தம் என்றும் தெரிந்தது. துரைமார் காலத்தில் பல உயிர்களுக்கு வெள்ளைக்காரர் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. இதற்கோ ஊர்ச் சொல்லையே வைத்தார்கள். ‘ஹிக்மியா’ என்றால் சிங்களத்தில் மூஞ்சூறு.

கித்துல்கலை இனமும் ஹிக்மியாவும் இன்று அழியும் ஆபத்தில் உள்ளவையாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. இவற்றுக்குப் பெரிய சரணாலயம் மட்டும் போதாது. மக்கிய இலைச்சருகும் அதற்கடியில் ஈரமும் வேண்டும். தேயிலை மலைக்கும் ஓடைக்கும் இடையே வெட்டாமல் விட்ட ஒரு துண்டுக் காட்டில் அவை இரண்டும் இருக்கின்றன.