கோளாறுகளுக்கு ஒரு பேரேடு

லினக்ஸ் கர்னல்ல ‘அன்யூஷுவல் டெவ்ஸ்’னு ஒரு கோப்பு இருக்கு. பென் டிரைவ், கேமரா, எம்பி3 பிளேயர்னு விதிப்படி நடக்காத யுஎஸ்பி சாமான்களோட பட்டியல் அது. பேருக்குத்தான் நிரல், என்னைக் கேட்டா சரித்திர ஆவணம்.

யுஎஸ்பி 1.0 வந்தது 1996 ஜனவரியில. சேமிப்புக் கருவிகள் கணினியோட எப்படிப் பேசணும்ங்கிற விதிமுறை 1999ல வந்துச்சு. அதோட முகப்புல போட்டிருக்கிற தேதி செப்டம்பர் 31! (செப்டம்பருக்கு 30 நாள்தாங்க. விதிப் புத்தகத்துக்கே இந்தக் கதி.) விண்டோஸ் 98 காலத்துல கருவியோட டிரைவர் சிடியும் வேணும். விண்டோஸ் 2000ல அந்தத் தொல்லை ஒழிஞ்சது. 2001 ஜனவரியில வந்த லினக்ஸ் 2.4லயும் மேத்யூ தார்மோட டிரைவர் இருந்துச்சு.

வம்பு அதுக்கப்புறம்தான். ஒரு டிரைவ்ல 1000 செக்டார் இருக்குன்னு வைங்க. எண் 0ல ஆரம்பிச்சு 999ல முடியும். “உன் கொள்ளளவு என்ன?”ன்னு கணினி கேட்டா, கடைசி செக்டாரோட எண்ணை, அதாவது 999ஐச் சொல்லணும். சில கருவி மொத்த எண்ணிக்கையான 1000ஐச் சொல்லிடும். கணினி ஒண்ணைக் கூட்டி 1001னு எடுத்துக்கும். இல்லாத அந்தக் கடைசி செக்டாரைப் படிக்கப் போனா பிழை வரும். சில கருவி அப்படியே உறைஞ்சு போகும், பிடுங்கிச் சொருகணும். வெறும் 512 பைட்டுக்கு இவ்வளவு ரகளை. ஐபாட், நிக்கான் கேமராக்கள்னு பெரிய பேரெல்லாம் இந்த வரிசையில இருக்கு. விண்டோஸ்ல ஓடினாப் போதும்னு விட்டிருப்பாங்கன்னு என் கணிப்பு.

இதுக்கு ‘ஃபிக்ஸ் கெபாசிட்டி’ன்னு ஒரு குறி. சொன்ன கணக்குல ஒண்ணைக் கழிச்சுடும். இன்னொரு குறி இதைவிட ரசமானது. மொத்தம் ஒற்றைப்படையா வந்தா மட்டும் கழிக்கும். நம்ம ஊர் மளிகைக் கடை அண்ணாச்சி போடுற மனக்கணக்கு மாதிரிதான்!

ஜெனிசிஸ் லாஜிக் சில்லு கதை வேற. கட்டளைக்கும் தரவுக்கும் நடுவுல 100 மைக்ரோ செகண்டாவது காத்திருக்கணும். ஒரே மூச்சுல 32 கேபிக்கு மேல கொடுத்தாலும் சிலது திணறும்.

எனக்குப் பிடிச்சது பட்டியலுக்கு மேல இருக்கிற குறிப்பு. புதுசா ஒரு கருவியைச் சேர்க்கணும்னா உங்க மின்னஞ்சல் முகவரி போடுங்க, முடிஞ்சா காரணமும் எழுதுங்க, கருவியைச் சொருகி எடுத்த விவரத்தையும் அனுப்புங்கன்னு கேக்குது. நாங்க ஆணி பிடுங்குற இடத்துல இதே விஷயத்துக்கு “சில சாதனங்களில் சிக்கல் நேரலாம்”னு ஒரே வரி. எந்தச் சாதனம், என்ன சிக்கல்? ஆண்டவனுக்கே வெளிச்சம்.

காரணம் எழுதாத வரியை நீக்கவும் பயம். அந்தக் கேமரா இன்னும் யார் வீட்டுப் பரண்ல கிடக்கோ! அதனால டிரைவரே ஒரு வேலை பண்ணுது. பட்டியல்ல இருக்கிற ஒரு கருவியைச் சொருகும்போது, அதுக்கான சில மாற்றங்கள் தேவையே இல்லைன்னு தெரிஞ்சா, லாக்ல ஒரு செய்தி எழுதும்: இதை நகலெடுத்து எங்களுக்கு அனுப்பி வைங்க.