யூகோஸ்லாவியா மீதான ஆயுதத் தடை (1991–1996)

யூகோஸ்லாவியாவுக்கு ஆயுதங்களும் இராணுவத் தளவாடங்களும் வழங்குவதை விலக்கி, ஐ.நா. பாதுகாப்பு அவை 1991 செப்டம்பர் 25 அன்று 713ஆம் தீர்மானத்தால் விதித்த தடை. ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் விதிக்கப்பட்டதால், எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்தியது. பொதுத்தடையாயினும் விளைவு சமமாக இல்லை: யூகோஸ்லாவிய மக்கள் படையின் கனரக ஆயுதங்கள் போஸ்னிய செர்பியப் படைகளுக்குக் கிடைத்தன, 1992இல் தனிநாடான போஸ்னியாவாலோ தற்காப்புக்கும் வெளிப்படையாக ஆயுதம் வாங்க இயலவில்லை. தடையை நீக்கினால் போஸ்னியப் போர் தீவிரமாகும், அமைதிப்படையினர் ஆபத்துக்குள்ளாவர் என்று கூறி, பிரிட்டனும் பிரான்சும் அதை நீக்க மறுத்தன. அக்கவலை மெய்யானதே, ஆயினும் ஐ.நா. பாதுகாப்புப் பகுதியாக அறிவித்த போஸ்னிய நகரான ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் ஏறத்தாழ 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். போரை முடித்த டேட்டன் உடன்பாட்டையடுத்து 1021ஆம் தீர்மானம் தடையைப் படிப்படியாக நீக்க வழிசெய்தது. தாக்குவோரையும் தாக்கப்படுவோரையும் வேறுபடுத்தாத தடை பாதுகாப்புக்கு மாற்றாகாது என்பதே இதன் படிப்பினை.