ஐஸ்லாந்து

வட அட்லாண்டிக்கில், கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே கிடக்கும் தீவு நாடு ஐஸ்லாந்து. அதன் வடகரைக்கு அப்பால் உள்ள கிரிம்சே என்ற சிறு தீவை மட்டுமே அந்த வட்டம் தொட்டுச் செல்கிறது. நாட்டின் பரப்பளவு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை நான்கு லட்சத்தை எட்டவில்லை. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தலைநகர் ரெய்க்யவிக்கிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் இருக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் கரையோரச் சிற்றூர்களில் வாழ்கிறார்கள். மீன்பிடித் துறை, தேவாலயம், நீச்சல்குளம் மூன்றும் இருந்தால் அது ஊர். தீவின் நடுவே உள்ள மேட்டுநிலத்தில் நிலையாகக் குடியிருப்பவர் எவரும் இல்லை.

பெயரில் பனி இருந்தாலும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் பனியாறுகள் மூடியிருக்கின்றன. தெற்கிலிருந்து வரும் கடல்நீரோட்டத்தின் வெதுவெதுப்பால் ரெய்க்யவிக்கின் ஜனவரிச் சராசரி வெப்பநிலை சுழியம் பாகையை ஒட்டியே நிற்கிறது. இங்கே மனிதரை வாட்டுவது குளிரைவிடக் காற்றும் இருட்டும்தான். டிசம்பர் கடைசியில் தலைநகரில் பகல் நான்கு மணி நேரமே. ஜூன் மாதத்தில் இரவு முழுதாக இருட்டுவதே இல்லை.

நெருப்பும் நிலமும்

பெரும்பாலும் கடலுக்கடியிலேயே கிடக்கும் நடு அட்லாண்டிக் மலைமுகடு ஐஸ்லாந்தில் நீருக்கு மேலே எழுந்து, காலால் நடந்து கடக்கக்கூடிய நிலமாகிறது. வட அமெரிக்கத் தட்டும் ஐரோவாசியத் தட்டும் இங்கே ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கின்றன. விலகும் இடைவெளியில் பாறைக்குழம்பு ஏறுகிறது. சராசரியாக நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை எங்காவது ஓர் எரிமலை வெடிக்கிறது.

ஐரோப்பிய வான்வழிகளைப் பல நாள் மூடவைத்த 2010ஆம் ஆண்டின் எய்யாஃபியட்லயோகுல் வெடிப்பைத்தான் வெளியுலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஐஸ்லாந்து மக்களின் நெஞ்சில் வடுவாக இருப்பது வேறொன்று. 1783 ஜூன் 8 அன்று தெற்கே லாகி என்ற இடத்தில் நிலம் நீளவாக்கில் பிளந்தது. நூற்றுக்கு மேற்பட்ட வாய்கள் வரிசையாகத் திறந்து எட்டு மாதம் குழம்பைக் கக்கின. ஆனால் கொன்றது குழம்பு அல்ல. கூடவே வந்த வாயுக்கள் புல்லில் படிந்தன. புளூரின் நஞ்சேறிய அந்தப் புல்லைத் தின்ற ஆடுமாடுகள் பல்லும் எலும்பும் கெட்டுச் செத்தன. செம்மறிகளில் ஐந்தில் நான்கு பங்கு அழிந்தது. கால்நடையே உணவாக இருந்த நாட்டில் அடுத்து வந்தது பஞ்சம். மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்தனர். அந்தக் காலத்துக்கு ஐஸ்லாந்து மொழியில் ‘மூடுபனித் துயரம்’ என்ற பொருளில் ஒரு பெயர் இன்றும் வழங்குகிறது. யோன் ஸ்டெய்ங்கிரிம்சன் என்ற பாதிரியார் ஜூலை 20 அன்று, குழம்பு ஊரை நோக்கி வந்துகொண்டிருக்கையில், மக்களைத் தேவாலயத்தில் கூட்டி வழிபாடு நடத்தினார். குழம்பு ஊருக்கு முன்பே நின்றுவிட்டது. அவர் பின்னாளில் எழுதிவைத்த விரிவான குறிப்புகள் நிலவியலாளருக்கு இன்றைக்கும் முதன்மைச் சான்று.

அதற்கும் இன்றைக்கும் இடையே மாறியது எரிமலை அல்ல, மனிதர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்கொள்ளும் முறை. ஹெய்மேய் தீவின் கதை இதைச் சொல்லும். 1973 ஜனவரி 23, நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குச் சற்று முன்பு, தூங்கிக்கொண்டிருந்த ஊரின் ஓரத்திலேயே நிலம் கிழிந்தது. முந்தைய நாள் புயல் அடித்ததால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறையிலேயே கட்டிக் கிடந்தன. சுமார் 5,300 பேரும் அந்த இரவே தீவை விட்டு வெளியேற அந்தப் படகுகளே வழியாயின. பிறகு நடந்தது இன்னும் பெரிது. துறைமுக வாயை அடைக்க நகர்ந்துவந்த குழம்பின் மீது பல மாதங்கள் கடல்நீரைப் பீய்ச்சி உறையவைத்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் போயின, துறைமுகம் தப்பியது. உறைந்த குழம்பே அதற்குக் காற்றுத் தடுப்பாகவும் அமைந்துவிட்டது. மக்களில் பெரும்பகுதியினர் திரும்பி வந்து, ஆறாத குழம்பின் சூட்டையே எடுத்துப் பல ஆண்டுகள் வீடுகளைக் கதகதப்பாக்கிக்கொண்டார்கள்.

தென்மேற்கே கிரிந்தாவிக் ஊரின் நிலை இன்னும் முடிவாகவில்லை. ஓயாத நிலநடுக்கத்தால் 2023 நவம்பர் 10 அன்று ஊர் முழுவதும் காலி செய்யப்பட்டது. 2024 ஜனவரி 14 அன்று குழம்பு வீடுகளை எட்டியது. ஊரையும் அருகிலுள்ள மின்நிலையத்தையும் காக்க மண்ணாலும் கல்லாலும் பெரிய அணைக்கரைகள் எழுப்பினார்கள். குழம்பின் போக்கை அவை பலமுறை திருப்பிவிட்டன.

இதே நெருப்பு புதுநிலமும் தருகிறது. 1963 நவம்பரில் கடலுக்குள் வெடித்து எழுந்த சுர்ட்சே தீவில் ஆய்வாளர் தவிர எவருக்கும் அனுமதி இல்லை. விதையும் பறவையும் தாமாக வந்து ஒரு தீவு உயிர்பெறுவதை அங்கே முதல் நாளிலிருந்து பதிந்துவருகிறார்கள்.

காடு போன கதை

ஒன்பதாம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து குடியேறிகள் வந்தபோது தீவின் கால் பகுதியாவது பிர்ச் மரக்காடாக இருந்தது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அவர்கள் காட்டை வெட்டினார்கள். எரிமலைச் சாம்பலால் ஆன மண் இலேசானது. வேர்ப்பிடி தளர்ந்ததும் காற்று அதை வாரிக்கொண்டு போனது. இன்று காடு நிலப்பரப்பில் இரண்டு விழுக்காடு அளவே. பயணிகள் வியந்து படம் எடுக்கும் வெட்டவெளியில் ஒரு பகுதி இயற்கை தந்தது, ஒரு பகுதி மனிதர் உண்டாக்கிய புண். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ஐஸ்லாந்தின் அழகை மட்டும் எழுதுவது பாதி உண்மை. ஐஸ்லாந்து மக்களே அதை மறைக்கவில்லை: 1907இலேயே மண்காப்புக்கென அரசு அமைப்பு தொடங்கினார்கள். உலகில் அத்தகைய அமைப்புகளில் அது மிகப் பழையவற்றுள் ஒன்று.

மனிதர் வருமுன் இங்கிருந்த நிலப் பாலூட்டி ஆர்க்டிக் நரி ஒன்றுதான். பறவைகளே இத்தீவின் செல்வம். அட்லாண்டிக் பஃபின்களில் பாதிக்கு மேல் இங்கேதான் கூடு வைக்கின்றன. ஆகஸ்ட் கடைசியில் ஹெய்மேய் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலாகப் பறக்கும் பஃபின் குஞ்சுகள் நிலவொளி என்று மயங்கி ஊர் விளக்குகளை நோக்கி வந்து தெருவில் விழும். குழந்தைகள் இரவில் அட்டைப்பெட்டியோடு அலைந்து அவற்றைப் பொறுக்கி, மறுநாள் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, கடற்கரைக்குக் கொண்டுபோய் வானில் வீசிப் பறக்கவிடுவார்கள்.

காலநிலை மாறுவது கண்ணுக்கே தெரிகிறது. ஓக் மலையின் பனியாறு, நகரும் கனமில்லாமல் மெலிந்துவிட்டதால், 2014இல் பனியாறு என்ற தகுதியை இழந்தது. 2019இல் அங்கே நினைவுப்பலகை பதித்தார்கள். கொசுவே இல்லாத நாடு என்ற பெயரும் 2025 அக்டோபரில் போயிற்று. அப்போதுதான் அங்கு இயற்கைச் சூழலில் முதன்முதலாகக் கொசு பிடிபட்டது.

வெந்நீர்

ஐஸ்லாந்துச் சமூகத்தைப் புரிந்துகொள்ள நாடாளுமன்றத்தைவிட ஊர் நீச்சல்குளமே நல்ல இடம். முற்காலத்தில் ரெய்க்யவிக் பெண்கள் அழுக்குத் துணியைச் சுமந்துகொண்டு, பனியிலும் காற்றிலும் நடந்து, நகருக்கு வெளியே இருந்த வெந்நீர் ஊற்றுகளுக்குப் போய் வெளுத்து வந்தார்கள். 1930இல் அந்த ஊற்றுப் பக்கமிருந்து குழாய் போட்டு ஒரு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சில பத்து வீடுகளுக்கும் சூடு கொண்டுவந்தார்கள். இன்று பத்தில் ஒன்பது வீடுகள் நிலவெப்பத்தால் கதகதப்பாகின்றன. ஒரு காலத்தில் தலைநகரின் மேல் கவிந்திருந்த கரிப்புகை அறவே போயிற்று. மின்சாரமும் ஏறக்குறைய முழுவதும் ஆற்றுநீரிலிருந்தும் நிலவெப்பத்திலிருந்துமே வருகிறது. அதில் பெரும்பங்கை அலுமினிய உருக்காலைகள் விழுங்குகின்றன என்பதையும், அவற்றில் ஒன்றுக்காகக் கிழக்கே கட்டிய கௌரான்யூக்கர் அணைக்கு எழுந்த எதிர்ப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குளங்கள் பெரும்பாலும் திறந்தவெளியில் இருக்கும். பனி கொட்டும்போதும் மக்கள் வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமர்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். அமைச்சரும் மீனவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். நீச்சல் பள்ளியில் கட்டாயப் பாடம். குளத்தில் இறங்குமுன் உடை முழுவதும் களைந்து சோப்புப் போட்டுக் குளிப்பது அங்கே விட்டுக்கொடுக்காத விதி. நம்மவர்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். நீரில் குளோரின் குறைவாகச் சேர்ப்பதால் தூய்மைக்கு அதுவே வழி.

சட்டமும் சொல்லும்

930இல் திங்வெட்லிர் சமவெளியில் ஆல்திங் என்ற பொதுமன்றம் கூடியது. உலகில் இன்றும் நீடிக்கும் நாடாளுமன்றங்களில் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று அது. அரசன் இல்லை, தொடக்கத்தில் எழுத்தில் சட்டமும் இல்லை. சட்டம் உரைப்பவர் என்றொரு பதவி இருந்தது. அவர் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் மூன்றாண்டில் சட்டம் முழுவதையும் மனப்பாடமாகக் கூட்டத்தின் முன் ஒப்பிப்பார். கிறித்தவம் ஏற்பதா, பழைய தெய்வங்களோடு இருப்பதா என்று 1000ஆம் ஆண்டை ஒட்டி உள்நாட்டுப் போர் மூளவிருந்தபோது, தீர்ப்பு அப்போதைய சட்டம் உரைப்பவர் தோர்கெயிரிடம் விடப்பட்டது. அவர் பழைய மதத்தவர். போர்வைக்குள் ஒரு பகலும் இரவும் படுத்துக்கிடந்து எண்ணிப்பார்த்துவிட்டு, நாட்டுக்கு ஒரே சட்டம் வேண்டும், அது கிறித்தவமாக இருக்கட்டும் என்றார். எல்லோரும் ஏற்றார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நாடு நார்வே அரசனின் கீழ் வந்தது. பிறகு டென்மார்க்கின் ஆட்சி. குடியரசாக அறிவிக்கப்பட்டது 1944 ஜூன் 17 அன்று, அதே திங்வெட்லிரில். இடைப்பட்ட வறுமையில் அவர்கள் கைவிடாதது மொழி. கன்றுத்தோல் ஏடுகளில் எழுதிய பழங்கதைகளை இன்றைய பள்ளிப் பிள்ளைகள் சிறு உதவியோடு படித்துவிடுகிறார்கள். கோபன்ஹேகனுக்குப் போய்விட்ட ஏடுகளில் முதல் இரண்டை 1971 ஏப்ரல் 21 அன்று டென்மார்க் கப்பலில் திருப்பி அனுப்பியபோது, துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்று வரவேற்றார்கள். புதுப்பொருள்களுக்குத் தம் மொழியிலேயே பெயர் வைக்கிறார்கள்: கணினிக்கு ‘தோல்வா’. எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்பவளைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் இணைத்து உண்டாக்கியது அது. பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை அல்லது தாயின் பெயரோடு ‘மகன்’, ‘மகள்’ என்ற சொல் சேரும். குடியரசுத் தலைவரையும் முதற்பெயர் சொல்லியே அழைப்பார்கள்.

1975 அக்டோபர் 24 அன்று நாட்டுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் அலுவலக வேலையும் செய்யவில்லை, வீட்டு வேலையும் செய்யவில்லை. பள்ளிகளும் தொலைபேசி நிலையங்களும் முடங்கின. தந்தையர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஐந்தாண்டு கழித்து, 1980இல், விக்டிஸ் ஃபின்போகதோத்திர் குடியரசுத் தலைவரானார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர் அவரே. பதினாறு ஆண்டுகள் பதவியில் இருந்தார்.

தனக்கென ராணுவம் இல்லாத இந்நாடு மீனுக்காக மட்டும் பிரிட்டனோடு மூன்று முறை மோதியது. மீன்பிடி எல்லையை 200 கடல் மைலாக விரித்த கடைசி மோதல் 1976இல் ஐஸ்லாந்துக்குச் சாதகமாக முடிந்தது.

பயணம்

2010இல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஐந்து லட்சத்துக்கும் குறைவு; இப்போது ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டுகிறார்கள். தீவைச் சுற்றிவரும் வட்டச்சாலை சுமார் 1,300 கிலோமீட்டர். பனியாற்று வெள்ளம் ஓயாமல் புரளும் தெற்கு மணல்வெளியில் பாலம் கட்டி 1974இல்தான் அதை முழுமையாக்க முடிந்தது. அதில் ஒரு வாரமாவது நிதானமாகப் போவதே சரி. இரண்டு நாளில் ஓடி முடிப்பது வீண்.

குல்ஃபாஸ் அருவியைப் பார்க்காமல் வருபவர் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயல்நாட்டு முதலீட்டாளர்கள் அதில் மின்நிலையம் கட்ட முயன்றபோது, பக்கத்துப் பண்ணையில் வளர்ந்த சிக்ரிதுர் தோமாஸ்தோத்திர் என்ற பெண் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார். ரெய்க்யவிக்வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போய் வாதாடினார். அருவியின் அருகே அவர் முகம் செதுக்கிய கல் இருக்கிறது. முதலில் அதைத் தேடிப் பார்த்துவிட்டு அருவிக்குப் போகலாம். வட ஒளி காண செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை காலம். மேட்டுநிலப் பாதைகள் கோடையில் மட்டும், நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மட்டும் திறக்கும். இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

ஆபத்து இங்கே அமைதியாக இருக்கும். ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கரையில் சிற்றலைகளுக்கு நடுவே திடீரென ஒரு பேரலை வந்து ஆளை இழுத்துப் போகும், உயிர்கள் போயிருக்கின்றன. யாராவது சிக்கினால் தேடிப்போவது தொண்டர் மீட்புக் குழுக்கள். ஆசிரியர், தச்சர், செவிலியர் என்று பலரும் வேலையைப் போட்டுவிட்டு ஊதியமின்றிக் கிளம்புகிறார்கள். புத்தாண்டுக்கு முன் அவர்கள் விற்கும் பட்டாசுதான் குழுக்களின் முக்கிய வருமானம். ஊரே வாங்கி ஆதரிக்கிறது.

ஐஸ்லாந்து செல்லும் வாய்ப்பு அமைந்தால் தினமும் காலையில் சாலை நிலவரமும் வானிலை அறிவிப்பும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூடிய பாதையில் வண்டியை விடாதீர்கள். லாகி குழம்பின் மேல் இரு நூற்றாண்டுகளாக வளர்ந்த பாசியில் ஒரு காலடி பட்டாலும் தழும்பு ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். போட்டிருக்கும் நடைபாதையை விட்டு இறங்காதீர்கள்.